பேஸ் கிட்டாரின் குரோம் மூடிகள்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் 1951-இல் உருவான ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டார், இரண்டு உலோக மூடிகளோடு விற்பனைக்கு வந்தது. தந்திகள் போய் முடியும் பிரிட்ஜின் மேல் ஒன்று. தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப்பின் மேல் இன்னொன்று. இரண்டுமே குரோம் முலாம் பூசி வளைத்த தகடுகள். இரண்டும் திருகுகளில் நின்றன. நான்கு தந்திகளும் ஒரு மூடிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து, மறுபடி அடுத்த மூடிக்குள் புகுந்து மறைந்தன.

இன்று இசைக்கருவிக் கடைகளில் தொங்கும் பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் இந்த மூடிகள் கிடையாது. பழைய கருவிகளில் பலவற்றில் அவை இருந்த இடத்தில் சிறிய திருகு ஓட்டைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. வெயில் பட்டு நிறம் மங்கிய மரத்தில், பிரிட்ஜைச் சுற்றி மட்டும் வண்ணம் புதிதாகவே இருக்கும். மூடி இருந்ததற்கு அந்த மங்காத சதுரமே சாட்சி. அழகுக்காக வைத்தது என்று பலர் சொல்வார்கள். இரைச்சலைத் தடுக்க என்பார்கள் சிலர், கையை ஊன்ற என்பார்கள் வேறு சிலர். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இசையை மாற்றிய வேலையைச் செய்தது வெளியே மின்னிய குரோம் அல்ல, அதற்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டு ரப்பர்.

பேஸ் கிட்டார் தனியாக முன்னால் வந்து நிற்கும் கருவி அல்ல. பாட்டுக்கு அடியில் நின்று தாங்குவது. இளையராஜாவின் 1980-களின் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தாளத்தோடு கைகோத்து மெட்டுக்குக் கீழே தனி வழியில் நடந்துபோகும் அந்தக் கனத்த ஒலி நன்றாகவே தெரியும். 1951-க்கு முன்பு மேற்கத்திய இசைக்குழுக்களில் அந்த இடத்தில் இருந்தது டபுள் பேஸ். ஆளை விட உயரமான, வயலின் வடிவக் கருவி அது. பெரும்பாலும் நின்றபடியே வாசிக்க வேண்டும். காரில் ஏற்றுவதே பெரும்பாடு. டிரம்ஸும் மின்கிட்டாரும் சத்தத்தைக் கூட்டியபோது அதன் ஒலி கூட்டத்தில் காணாமல் போனது.

இந்தச் சிக்கலைத் தீர்த்த லியோ ஃபெண்டர் கிட்டார் கலைஞர் அல்லர். 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை தொடங்கியவர். இந்த மூடிகளைப் புரிந்துகொள்ள இது முக்கியமான செய்தி. ரேடியோப் பெட்டியின் உள்ளே கம்பியும் சுருளும் வெளியே தெரியாமல் உறைக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாடம். கிட்டாரைச் செய்யும்போதும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். டபுள் பேஸின் தாழ்ந்த சுருதியைக் கிட்டார் போல் தோளில் மாட்டக்கூடிய கட்டை உடலுக்குள் கொண்டுவந்தார். 34 அங்குலத் தந்தி நீளம் வைத்தார். விரலை எங்கே வைத்தாலும் சுருதி பிசகாமலிருக்கக் கழுத்தில் மெட்டுக் கட்டைகளைப் பதித்தார். 'துல்லியம்' என்று பொருள்படும் பிரிசிஷன் என்ற பெயர் அதனால் வந்தது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் முறை மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சுருள். அதன் மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மிகச் சிறிய மின் அலையை உண்டாக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலியாக்குகிறது. ஏற்பாடு எளிமையானது, குறையும் அதிலேயே இருக்கிறது. அந்தச் சுருளுக்குத் தந்தியின் அசைவு எது, பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் அசைவு எது என்று பிரித்தறியத் தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட், சுவருக்குள் ஓடும் வயர் எல்லாவற்றையும் அது சேர்த்தே கேட்கும். அமெரிக்காவின் மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவது, நம் ஊரில் 50 முறை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அதாவது மின்சார இரைச்சலும் பேஸின் சுருதிகளும் ஒரே வட்டாரத்தில் குடியிருக்கின்றன. இரைச்சலை வடிகட்டப் போனால் இசையும் சேர்ந்து போய்விடும்.

பிக்கப்பின் மேல் உலோகத் தகட்டைக் கவிழ்த்தால் இந்த இரைச்சல் குறையும் என்பது பரவலான விளக்கம். அது பாதி உண்மை. காற்றில் பரவும் மின்புலத் தொந்தரவை, அதாவது கரகரவென்று எழும் கீச்சலை, எர்த் ஆன ஓர் உலோகத் தகடு தடுத்து நிலத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் தகடு எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். மரத்திலோ பிளாஸ்டிக் பலகையிலோ திருகி, வயர் எதுவும் இணைக்காமல் விட்ட மூடி, மின்வழியில் யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும். அதனால் பெரிய பயன் இல்லை. அப்படியே எர்த் செய்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புல 'ஹம்' வேறு வகை. மெல்லிய தகட்டைச் சாதாரணமாக ஊடுருவிவிடும். மேலும் இந்த மூடிகள் பிக்கப்பை முழுதாகச் சூழ்வதும் இல்லை, பக்கவாட்டில் தந்திகள் போய்வர வழி திறந்தே இருக்கும்.

ஹம்முக்கு உண்மையான மருந்து 1957-இல் வந்தது. பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் இரண்டு தந்திகளைக் கேட்கும்படி அந்த ஆண்டு மாற்றி அமைத்தார்கள். ஒரு பாதியின் சுருளும் காந்தமும் மற்றதற்கு நேர்மாறான திசையில் இருந்தன. வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராக விழுந்து தன்னைத்தானே அழித்துக்கொண்டது. தந்தியின் ஒலி அழியவில்லை. அதுவரை வெறுமையாக இருந்த சுருளுக்குப் பிளாஸ்டிக் உறையும் அப்போது வந்துவிட்டது. அதற்கு முந்தைய பிக்கப்பில் கம்பிச் சுருள் ஏறக்குறைய வெளியே தெரியும்படியே இருந்தது. தலைமுடியை விட மெல்லிய அந்தக் கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் கருவி ஊமையாகிவிடும். 1951-இன் உலோக மூடிக்கு அதைக் காப்பாற்றும் வேலையாவது மிச்சமிருந்தது. 1957-க்குப் பிறகு பிக்கப் மூடி செய்ய வேண்டிய மின் வேலை ஏறக்குறைய முடிந்துபோனது. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அது கருவியோடு வந்துகொண்டேதான் இருந்தது.

அதற்குக் காரணம் கை. அன்று பேஸ் வாசித்தவர்கள் பலர் இன்று போல் இரண்டு விரல்களால் மாற்றி மாற்றி மீட்டவில்லை, கட்டைவிரலால் மீட்டினார்கள். 1950-களின் தொடக்கத்தில் லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் இந்தப் புதுக் கருவியை வாசித்துப் பிரபலமாக்கிய மங்க் மாண்ட்கோமரி கட்டைவிரல்காரர். அந்தப் பாணிக்காகவே மெல்லிய தந்தியின் பக்கம் ஒரு சிறு கட்டையை உடலில் திருகி வைத்திருந்தார்கள். மற்ற நான்கு விரல்களும் அதைப் பற்றிக்கொள்ளும், கட்டைவிரல் தந்தியைத் தள்ளும். 1974-இல் ஃபெண்டர் நிறுவனம் அந்தக் கட்டையைத் தடித்த தந்தியின் பக்கம் மாற்றியது. விரல்களால் மீட்டுவோர் பெருகிவிட்டதால், பற்றிக்கொள்ளும் பிடி கட்டைவிரல் ஊன்றும் இடமாக மாறியது. குரோம் மூடிக்கும் இதே வேலை இருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டால் கை அலையாது, தோளும் களைக்காது.

பிரிட்ஜ் மூடிக்கு இன்னொரு சிறு உதவியும் உண்டு. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியின் உயரத்தையும் திருத்தும் சிறு திருகுகள் இருக்கும். அவற்றின் முனைகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். மூடியில்லாத பிரிட்ஜில் உள்ளங்கையை வைத்து அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தால், அந்த முனைகள் தோலில் பதிந்த புள்ளிகளே அதைச் சொல்லும். வியர்வை பட்டால் திருகுகளும் துருவேறி இறுகிவிடும். மூடி இருந்தால் இரண்டும் இல்லை.

இனி ரப்பர். பிரிசிஷன் பேஸின் பிரிட்ஜ் மூடியைக் கழற்றித் திருப்பினால், உட்புறத்தில் அகலமான ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். மூடியைத் திருகி இறுக்கும்போது அந்தப் பட்டை நான்கு தந்திகளின் மேலும், பிரிட்ஜை ஒட்டிய இடத்தில் இலேசாக அழுந்தும். வீணைத் தந்தியை மீட்டிவிட்டு உடனே விரலால் மெல்லத் தொட்டால் நாதம் சட்டென்று அடங்குவதைக் கவனித்திருக்கலாம். இங்கே அந்த விரலின் வேலையை ரப்பர் செய்கிறது. தந்தி அதிரத் தொடங்கும், ஆனால் நீண்டு ஒலிக்க ரப்பர் விடாது. உயர்ந்த அதிர்வுகளை முதலில் விழுங்கிவிடும். எஃகின் ரீங்காரம் போய், 'தும்' என்ற வட்டமான அடி மட்டும் மிஞ்சும். அடுத்த சுரம் வருவதற்குள் முந்தையது அடங்கியிருக்கும்.

வேண்டுமென்றே ஒரு கருவியின் நாதத்தை ஏன் குறைக்க வேண்டும்? டபுள் பேஸில் குடல் தந்தியை விரலால் சுண்டினால் ஒலி எழுந்து விரைவில் தேய்ந்துவிடும். நடன அரங்கில் அன்று மக்கள் காது பழகியிருந்தது அந்த ஒலிக்குத்தான். புதிய மின்கருவியிலோ எஃகுத் தந்தியும் கனத்த கட்டை உடலும் சேர்ந்து ஒவ்வொரு சுரத்தையும் நீட்டிக்கொண்டே போகும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால் ஒலி கூழாகிவிடும், தாளத்தின் விளிம்பு மழுங்கிவிடும். அந்த நாள் ஸ்பீக்கர்களாலும் அதைத் தாங்க முடியாது. ஆகவே ரப்பர் பட்டை குறைபாட்டை மறைக்கும் ஒட்டு அல்ல. புதிய கருவியைப் பழைய கருவியின் நாற்காலியில் உட்கார வைத்த ஏற்பாடு. இந்த மூடிகள் செய்த வேலைகளில் இதுவே பெரியது.

1960-இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸில் இதே எண்ணம் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக, வில்போல் வளைந்த எஃகுத் துண்டில் ஒட்டிய கம்பளித் திண்டு. நான்கு திண்டுகளும் தந்திகளுக்குக் கீழேயிருந்து அழுத்தின. செய்யச் செலவு கூடுதல், திருத்துவதும் தொல்லை. சில ஆண்டுகளிலேயே அவற்றைக் கைவிட்டு, மூடிக்குள் ஒட்டும் ஃபோம் பஞ்சுக்கு மாறிவிட்டார்கள். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்கள். அதன் பிரிட்ஜ் மூடி பெரியது, பிரிட்ஜோடு பின்பக்கப் பிக்கப்பையும் சேர்த்தே மூடும். தொடக்ககால ஜாஸ் பேஸ்களில் அந்தப் பெரிய மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய உலோகப் பட்டை, பிரிட்ஜிலிருந்து பிக்கப் குழிவரை மரத்தின் மேலேயே வெளிப்படையாக ஓடும். தந்திகளை எர்த்தோடு இணைக்கும் வழி அது. மூடியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். மூடி எப்போதும் கருவியின் மேல் இருக்கும் என்று தயாரித்தவர்கள் நம்பியதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

அழகையும் சொல்லாமல் விட முடியாது. 1950-களின் அமெரிக்கா கார்களின் நாடு. வால் துடுப்பு வைத்த கார், அதன் பம்பர், முகப்பு, கைப்பிடி எல்லாம் குரோம். ஃபெண்டர் கிட்டார்களின் சிறப்பு வண்ணங்கள்கூட டூபாண்ட் நிறுவனம் கார்களுக்கென்று தயாரித்த பெயிண்டுகள்தாம். திருகும் சுருளும் தெரியும் வேலைப்பாட்டை மறைத்து, காரின் பம்பர் போல ஒரு பளபளப்பை முன்னால் நிறுத்தினால், மேடை விளக்கில் கருவி புதுமையாகத் தெரியும். மூடியோடு இருக்கும் 1960-களின் பேஸையும் மூடி கழற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூடியுள்ளதே முடிந்த பொருளாகத் தோன்றுகிறது.

மூடிக்கு அடியில் இருந்ததன் பெருமையை ஜேம்ஸ் ஜேமர்சனின் வாசிப்பில் கேட்கலாம். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்காக 1960-களில் நூற்றுக்கணக்கான பாடல்களில் பேஸ் வாசித்தவர் அவர். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' அவற்றில் ஒன்று. அவரிடம் இருந்தது 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். இரண்டு மூடிகளும் அதில் அப்படியே இருந்தன. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஃபோம் அழுந்தியிருக்கும். தந்திகள் தட்டையாகச் சுற்றிய தடித்த ரகம். அறுந்தாலொழிய அவர் அவற்றை மாற்றுவதில்லை என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. பிக்கப் மூடியின் மேல் மற்ற விரல்களை ஊன்றி, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அந்த விரலுக்குக் கொக்கி என்றே பெயர் வந்தது. வேகமான சுரக்கோவைகளை அவர் வாசிக்கும்போதும் ஒவ்வொரு சுரமும் மணியாகத் தனித்து விழுவதில் விரலின் திறமை முதலில், ஃபோமின் பங்கு அதற்கடுத்தது. ஆயினும் ஃபோம் இல்லாமல் அந்த ஒலி இல்லை.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கேரல் கே வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டால் மீட்டும் அவர், கம்பளித் துணியை மடித்துப் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் தந்திகளின் மேல் ஒட்டிக்கொள்வார். பிளெக்ட்ரத்தின் கூர்மையும் கம்பளியின் அடக்கமும் சேர்ந்து, மற்ற எல்லாக் கருவிகளுக்கும் நடுவில் அவருடைய பேஸ் தெளிவாகக் கேட்டது. மூடி முக்கியமல்ல, அதன் அடியில் இருப்பதே முக்கியம் என்பதற்கு அவருடைய துணித் துண்டு போதும்.

மற்ற நிறுவனங்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. ரிக்கன்பேக்கர் 4001 பேஸில் தந்தி முடியும் பகுதிக்குள்ளேயே ஃபோமும், அதை ஏற்றி இறக்கக் கையால் சுழற்றும் திருகுகளும் இருந்தன. அந்த நிறுவனத்தின் பிக்கப் மூடிக்குத் தனிக் கதை உண்டு. தொடக்க காலத்தில் அது மூடியே அல்ல. தந்திகளைச் சுற்றி வளைந்த குதிரைலாடக் காந்தம். 1930-களின் தொடக்கத்தில் வந்த அவர்களுடைய முதல் மின்கிட்டாரிலேயே இருந்த அமைப்பு அது. பின்னாளில் சாதாரண பிக்கப்புக்கு மாறியபோதும் பழைய உருவம் போய்விடாமல் அதே இடத்தில் குரோம் தகட்டை வைத்தார்கள். 1976-இல் லியோ ஃபெண்டரின் பங்களிப்போடு மியூசிக் மேன் நிறுவனம் வெளியிட்ட ஸ்டிங்ரே பேஸில் மூடி இல்லை. ஆனால் பிரிட்ஜில் தந்திக்கு ஒன்றாகத் திருகி உயர்த்தும் அடக்கிகள் இருந்தன. அவர் தகட்டை விட்டாலும் ரப்பரின் வேலையை விடவில்லை.

பிறகு ஏன் எல்லோரும் கழற்றினார்கள்? முதலில் இடம். இரண்டு விரல்களால் மீட்டுபவருக்குக் கைபோக வேண்டிய இடத்தில்தான் பிக்கப் மூடி உட்கார்ந்திருக்கிறது. கழுத்துக்கு அருகில் மீட்டினால் ஒலி கனமாக, மெத்தென்று வரும். பிரிட்ஜை நெருங்க நெருங்க இறுக்கமாக, கூர்மையாக மாறும். வாசிப்பவர் ஒரே பாட்டுக்குள் இரண்டையும் பயன்படுத்த விரும்புவார். மூடிகளோ கையை ஒரே இடத்தில் கட்டிப்போடும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1970-களில் தன் 1962 ஜாஸ் பேஸின் பின்பக்கப் பிக்கப்புக்கு மேலே மீட்டி எழுப்பிய, மனிதக் குரல் போல இழையும் ஒலியை உலகம் அறியும். மூடி இருந்திருந்தால் அந்த இடத்தில் அவர் விரலை வைத்திருக்கவே முடியாது. 1960-களின் இறுதியில் லாரி கிரஹாம் புகழ்பெறச் செய்த, கட்டைவிரலால் தட்டியும் ஆள்காட்டி விரலால் இழுத்து விட்டும் வாசிக்கும் பாணிக்கும் தந்திக்கு மேலே திறந்த வெளி வேண்டும்.

அடுத்தது தந்தி. 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், தி ஹூ குழுவின் ஜான் எண்ட்விசிலோடு சேர்ந்து, வட்டக் கம்பி சுற்றிய பேஸ் தந்திகளைக் கொண்டுவந்தது. பியானோவின் தாழ்ந்த தந்தி போல அவை கணீரென்று ஒலித்தன. அந்த நாதத்துக்குக் காசு கொடுத்து வாங்கியவர் அதை ரப்பரால் அடக்குவாரா? டபுள் பேஸ் போல ஒலிக்க வேண்டும் என்ற கட்டாயம் தீர்ந்து, மின் பேஸ் தன் குரலிலேயே பேசத் தொடங்கிவிட்டது. அன்றாடத் தொல்லைகளும் இருந்தன: தந்தி உயரம் மாற்ற ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்ற வேண்டும். திருகு தளர்ந்தால் தகடு சில சுரங்களுக்கு அதிர்ந்து கிடுகிடுக்கும். ஃபோம் பழையதானால் பொடிந்து பிசுபிசுவென்று தந்தியில் ஒட்டும். அளவுக்கு மீறி அழுத்தினால் சுருதியும் சற்று ஏறும்.

கழற்றிய மூடிக்கு வேறு வேலை கிடைத்தது. கவிழ்த்து வைத்தால் அது ஒரு சாம்பல் கிண்ணம் போல இருந்தது. ஃபெண்டர் கிட்டார்களின் பிரிட்ஜ் மூடிக்கு 'ஆஷ்ட்ரே' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஃபெண்டரின் வழக்கமான பேஸ்களிலிருந்து மூடிகள் மறைந்தன. அதே காலத்தில், 1982 முதல், பழைய 1957, 1962 மாடல்களை அச்சு அசலாகத் திரும்பத் தயாரிக்கத் தொடங்கியபோது மூடிகளும் திரும்பின. பழைய கருவி சேர்ப்பவர்களுக்கு அசல் மூடி பொக்கிஷம். அது இருந்தால் கருவியின் விலையே வேறு.

பேஸ் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். கருவியோடு மூடிகள் வந்தால் திருகுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அவற்றை மாட்டித்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பழைய பாடல்களின் அந்த 'தும்' ஒலி வேண்டுமென்றால் கருவியை மாற்றவும் வேண்டாம், புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் புதிய ஸ்பாஞ்சு ஒன்றை விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள். தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், மேலே தூக்கக் கூடாது. டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினால், 1951-இல் அந்த ரப்பர் பட்டை என்ன செய்தது என்று காதுக்கே தெரிந்துவிடும்.